ஊதா நிறமான ஊற்று

சொர்ர்ர்... புஸ்ஸ்... சொர்ர்ர்... புஸ்ஸ்...

மூன்று நாளாக ஆற்று மணலில் இதே சத்தம். வடிவு என்ற யானை ஊற்றில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சுவாள். திரும்பி, மதப்பன் பன்றியின் சேற்றுக் குட்டையில் பீய்ச்சுவாள்.

"இப்படி ஒரு தும்பிக்கை எந்தக் காட்டுலயும் கிடையாது அக்கா" என்று மதப்பன் சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடு.

மணலுக்குள்ளிருந்து கொடுக்கன் நண்டு எட்டிப் பார்த்தான்.

"யானையக்கா, போதும் நிறுத்து. நீ உறிஞ்ச உறிஞ்ச இங்கே வத்துது. வத்துன இடத்துக்குச் சுத்துப்பக்கத்துத் தண்ணி ஓடி வரும். களிக்குழித் தண்ணியும் சேர்ந்துதான் வரும்."

களிக்குழி என்றால் காடே நடுங்கும். அங்கே கறுப்புக் களிமண்ணில் ஒரு நஞ்சு இருந்தது. நிறமில்லை, மணமில்லை, ருசியிலும் தெரியாது. மனிதர்கள் அதை ஆர்சனிக் என்பார்கள். அந்தத் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்த கழுதைப்புலிகளின் உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி விழுந்தது. பிறகு நடக்கவே முடியவில்லை.

"களிக்குழி எங்கே, நம்ம ஊற்று எங்கே! நடுவுல நூறு எட்டு வைக்கிற தூரத்துக்கு மணல் கிடக்கு. தண்ணிக்குக் கால் முளைச்சிருக்கா?" என்றான் மதப்பன்.

"கால் வேண்டாம்ப்பா. அக்கா தும்பிக்கையே இழுத்துட்டு வந்துடும்."

வடிவு சிரித்துக்கொண்டே மறுபடி உறிஞ்சினாள். அவள் குட்டியும் அந்த ஊற்றில்தான் குடித்து வந்தது.

கொடுக்கன் உதிர்ந்த நாவல்பழங்களை உருட்டிக்கொண்டு போய், களிக்குழியில் போட்டு நசுக்கினான். ஒன்று இரண்டல்ல, ஒரு மரத்துப் பழம் முழுவதும்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் மதப்பன் குட்டையிலிருந்து எழுந்தான். மூக்கு முதல் வால் வரை ஊதா!

"என்னடா இது, கத்திரிக்காய்க்குக் கால் வச்ச மாதிரி வர்றே?" வடிவு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அப்போது குட்டி ஓடி வந்தது. அதன் நாக்கும் ஊதா.

சிரிப்பு நின்றது. "நாவல்பழம் தின்னியா?"

"இல்லம்மா. ஊத்துத் தண்ணிதான் குடிச்சேன்."

"பழத்தைக் களிக்குழியில போட்டவன் நான்" என்றான் கொடுக்கன். "சாறு வந்த வழியிலதான் நஞ்சும் வரும். அதுக்கு நிறம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

வடிவு தும்பிக்கையை வெளியே எடுத்தாள். "என் பிள்ளைக்கு..."

"இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்கு, பயப்படாதே. இதை மூடிட்டு, களிக்குழிக்கு ரொம்பத் தள்ளியிருக்கிற மேல்கரை ஊத்துல குடிங்க. அங்கேயும் குடிக்கிற அளவுக்கு மட்டும் எடுங்க."

"அப்போ என் குட்டை?" என்றான் மதப்பன்.

"மழை வர்ற வரைக்கும் புழுதியில புரளு. கத்திரிக்காய்க்கு அது போதும்."

வடிவு ஊற்றை மணல் தள்ளி மூடினாள். குட்டியை மேல்கரைக்கு ஓட்டிப் போய், தண்ணீர் காட்டினாள். பிறகு தான் தின்ன ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டித் தட்டி மண்ணை உதறத் தொடங்கினாள்.

மண்ணுக்கடியில் தண்ணீருக்கு வேலி கிடையாது. அளவில்லாமல் உறிஞ்சுகிறவர் எங்கோ கிடக்கும் நஞ்சையும் தம் வீட்டார் வாய்க்கே இழுத்துக்கொள்கிறார்.