கழுத்தில் ஒரு ஊத் சலீப்

"இந்த வேரத் தேன்ல குழைச்சுக் குடுக்கறீங்க. சரி. அதையே நூல்ல கோத்துக் கழுத்துலயும் கட்டறீங்க. கட்டினா வலிப்பு நிக்குமா, ஹக்கீமம்மா?" என்று முனிரத்தினம் கேட்டார்.

"நிக்காது."

"அப்புறம் எதுக்குக் கட்டறீங்க?"

ஹக்கீமம்மா இரும்பு உலக்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இடிங்கண்ணே. பேசிக்கிட்டே இடிச்சா தூள் நைசா வராது."

அவர் இடித்தார். தூள் நைசாக வரவில்லை.

பாலாற்றங்கரையில் அது தோல் பதனிடும் ஊர். ஆற்றில் தண்ணீர் இல்லை, டேனரிக் கழிவு உண்டு. ஹக்கீமம்மாவின் பெயர் குர்ஷித் பேகம். யூனானி வைத்தியம் செய்கிறவர். தன்னிடம் வைத்தியம் கற்க வந்த முனிரத்தினத்தை விட வயதில் மிகவும் சின்னவர். அதனால் அவர் சீடரை அண்ணே என்பார். சீடர் குருவை அம்மா என்பார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருவரும் கண்டுகொள்வதில்லை.

முனிரத்தினம் டேனரித் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். துண்டுப் பிரசுரங்களில் எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு அவற்றை எழுதவும் செய்தவர். கடைசியில் சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டு சங்கமும் தங்களுடையதுதான் உண்மையான சங்கம் என்று ஒன்றின் மேல் ஒன்று வழக்குப் போட்டன. முதலாளி இரண்டு தரப்புக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு டேனரியை மூடினான். அந்த வருடம் முனிரத்தினத்தின் இடது கை மரத்துப் போனது. ஹக்கீமம்மாவிடம் வந்தார். கை சரியானது. எப்படிச் சரியானது என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அங்கேயே தங்கிவிட்டார்.

ஆனால் ஓரிடத்தில் உட்கார அவரால் முடியாது. தூளைச் சலிக்கும்போது பாதியில் எழுந்து வாசலுக்குப் போவார். வாசலில் நிற்கும்போது அடுப்பில் கஷாயம் பொங்கும்.

அவர் இடித்த வேரின் பெயர் ஊத் சலீப். வடக்கே மலைகளில் பியோனி என்று பெரிய பூ ஒன்று பூக்கிறது, அதன் வேர். ஊரில் ஒருவரும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. ஹக்கீமம்மாவும் பார்த்ததில்லை. காய்ந்த வேர் சாக்கில் வரும். குறுக்கே அறுத்தால் உள்ளே சிலுவை மாதிரி கோடு தெரியும் என்பார்கள். சலீப் என்றால் சிலுவை. வலிப்புக்கும், வாய் கோணிப் போனதற்கும், மாதவிலக்கு வலிக்கும் ஹக்கீமம்மா அதைக் கொடுப்பார். வலிப்புக்காரர்கள் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். வலிப்புக்காரர்கள் கழுத்தில் ஒரு துண்டு வேரையும் கறுப்பு நூலில் கட்டிவிடுவார்.

முஸ்லிம் அம்மா கட்டிவிட்ட சிலுவையை மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் அந்த ஊரில் உண்டு.

"மூணு சாமியும் ஒரே நூல்ல தொங்குது. யாருக்கும் சண்டை இல்ல பாருங்க," என்று ஹக்கீமம்மா சிரிப்பார்.

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வராது. தாயத்துகளுக்கு எதிராக அவர் ஊர் ஊராகப் பேசியவர். ஒரு கூட்டத்தில் கல்லடி பட்ட தழும்பு தலையில் இருந்தது.

வேரைக் கட்டும்போதெல்லாம் ஹக்கீமம்மா ஒன்றை மறக்காமல் சொல்வார். "துணிக்குள்ள மறைச்சுக்காதீங்க. வெளியில தெரியணும்."

"வெளியில தெரிஞ்சா என்ன? விளம்பரமா?" என்று முனிரத்தினம் ஒருநாள் கேட்டார்.

"ஆமாண்ணே. விளம்பரம்தான்."

அவர் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குமுதவல்லி மருந்து வாங்க வந்தாள். ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்கிற பெண். சின்ன வயதிலிருந்து வலிப்பு. ஹக்கீமம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். முனிரத்தினம் தூளைப் பொட்டலம் கட்டினார். அவள் போகவில்லை. உள் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் கழுத்து வேரைத் தொட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா அம்மா கிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"கேளும்மா."

"இதை அவுத்துடலாமா?"

"ஏன்?"

"கம்பெனியில எம் பேரே போச்சுண்ணே. வேர்க்காரின்றாளுங்க. கேண்டீன்ல புதுசா வந்த பையன்கூட, வேர்க்காரி அக்காவுக்கு இன்னா வேணும்ன்றான். போன மாசம் மார்க்கெட்ல விழுந்துட்டேன். கண்ணு முழிச்சுப் பாத்தா பூக்காரம்மா மடியில தலை. சுத்திப் பத்து பேரு. ஒருத்தர் விசிறினு கீறாரு. ஒருத்தர் காலைப் புடிச்சினு கீறாரு. எல்லாரும் எங் கழுத்தையே பாக்கறாங்க. மானமே போச்சு."

முனிரத்தினம் பொட்டலத்தின் நூலை இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"நீங்க படிச்சவரு. மேடையில பேசினவரு. உண்மையச் சொல்லுங்க. இது கழுத்துல தொங்கினா நோய் நிக்குமா?"

அவரிடம் யாராவது உண்மையைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"நிக்காது. குடிக்கற மருந்தும் ஆஸ்பத்திரி மாத்திரையுந்தான் உள்ள போய் வேலை செய்யும். இது சும்மா," என்றார்.

அவள் பொட்டலம் கட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். நூலை வெட்டினாள். வேரை மேசைமேல் வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டாள். நிமிர்ந்து நடந்து போனாள்.

தொழுகை முடிந்து ஹக்கீமம்மா வந்தார். மேசைமேல் இருந்த வேரைப் பார்த்தார்.

"குமுதவல்லியோடது. நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றார் முனிரத்தினம்.

"சரி."

"கட்டினா நிக்காதுன்னு சொன்னேன்."

"சரி."

"நீங்களே சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான்."

"திட்டறதுன்னா திட்டிடுங்க."

"எதுக்குண்ணே? நீங்க பொய்யா சொன்னீங்க?"

ஹக்கீமம்மா வேரைத் துடைத்து டப்பாவில் போட்டார். மூடி இறுகவில்லை. ஒரு தட்டுத் தட்டி மூடினார். அன்று முழுவதும் முனிரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருத்தியை விடுவித்தோம் என்று இருந்தது. அதைக் கொண்டாட ஆள் இல்லை என்றும் இருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில், கடைத்தெரு முனையில் கம்பெனி பஸ் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. சத்தம் கேட்டு முனிரத்தினம் ஓடினார்.

பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லாரும் நீல யூனிபார்ம் கோட்டோடு ரோட்டில் நின்றார்கள். டிரைவரும் இறங்கி நின்றார். உள்ளே இரண்டு சீட்டு வரிசைகளுக்கு நடுவில் குமுதவல்லி மட்டும் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை.

"மேல ஏறாத சார், நுரை பட்டா ஒட்டிக்கும்!" என்று ஒரு பெண் டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

"நோய் இல்லக்கா அது. காத்து சேட்டை," என்றாள் இன்னொருத்தி.

"கையில இரும்பு குடுங்க!"

கொடுக்க யாரும் உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாகச் சாவிக்கொத்துகளை விட்டெறிந்தார்கள். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பீரோ சாவி. ஒன்று அவள் புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது.

பூக்காரம்மாவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளும் ஏறவில்லை.

முனிரத்தினத்துக்கு ரத்தம் கொதித்தது. பஸ்ஸின் படியில் தாவி ஏறினார். ஏறியவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"மனுசங்களா நீங்க? இது பேயுமில்ல, காத்துமில்ல. மூளையில வர்ற கோளாறு. ஒட்டாது! காலம்பூரா உங்களோட உக்காந்து சோறு தின்ன பொண்ணு மேல சாவிய விட்டெறியறீங்களே, உங்களை இப்படி இருட்டுலயே வெச்சிருக்கறது யாரு? கேளுங்க, யாரு?"

குரல் பழைய குரலாகவே இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது. லாரிக்காரர்கள்கூட ஹாரனை நிறுத்தினார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். ஒருவரும் ஓரடி முன்னால் வரவில்லை. அவர் குரலை உயர்த்தினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹக்கீமம்மா வந்தார். படியில் நின்றவரைத் தோளில் தொட்டு ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். தரையில் உட்கார்ந்தார். சாவிகளைத் தள்ளினார். குமுதவல்லியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தார். கையைப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் திணிக்கவில்லை. பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

இழுப்பு அடங்கியது.

"அண்ணே," என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "பேச்சு முடிஞ்சிருந்தா, நெத்தி ரத்தத்தைத் துடைக்கக் கொஞ்சம் தண்ணி வாங்கிக் குடுங்க."

முனிரத்தினம் தண்ணீர் வாங்க இறங்கினார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. தலைவருக்கு விடுகிற வழி அல்ல அது. அந்த பஸ்ஸின் படியில் நின்று இறங்கியவரிடமிருந்து, ஒட்டிக்குமோ என்று தள்ளி நின்றார்கள்.

சற்று நேரம் கழித்து, ஹக்கீமம்மாவின் மருத்துவச் சாலைப் பெஞ்சில் குமுதவல்லி படுத்திருந்தாள். புருவத்தில் கட்டு. அசதியில் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. டிரைவர் வந்து வாசலுக்கு வெளியே நின்றபடி பேசிவிட்டுப் போயிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. "பொண்ணுங்க யாரும் அவ பக்கத்துல உட்கார மாட்டேங்குதுங்க. அவ ஏறினா நாங்க ஏற மாட்டோம்னு பாதிப் பேர் சொல்றாங்க. நான் என்னம்மா செய்ய?" என்றிருந்தார். பஸ் இல்லாமல் கம்பெனிக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாமல் அவள் வீட்டில் உலை வைக்க முடியாது.

"அம்மா," என்றாள் அவள். "திரும்பக் கட்டிவிடுங்க. வேர்க்காரின்னே கூப்பிடட்டும்."

ஹக்கீமம்மா டப்பாவையும் கறுப்பு நூலையும் எடுத்தார்.

"மறுபடியுமா?" என்றார் முனிரத்தினம்.

"ஏண்ணே, வேணாமா?"

"கட்டினா நோய் நிக்காதுன்னு நீங்களே சொல்றீங்க. தெரிஞ்சே கட்டுவீங்களா?"

"நோய்க்கு யாரு கட்டறாங்க? நோய்க்குத்தான் தேன்ல குழைச்சுக் குடுக்கறேனே."

"அப்ப இது யாருக்கு?"

"பூக்காரம்மாவுக்கு."

"பூக்காரம்மாவுக்கா?"

"போன மாசம் மார்க்கெட்ல மடியில தலைய வெச்சுக்கிட்டவதான் இன்னிக்கு பஸ்ல ஏறாம நின்னா. அவளேதான். அன்னிக்கு இவ கழுத்துல வேர் இருந்துச்சு. ஊத் சலீப் கட்டியிருந்தா ஒட்டாது, காத்தும் அண்டாதுன்னு எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த ஊர் நம்புது. பயம் இவளுக்கு இல்லண்ணே. பயம் பக்கத்துல நிக்கறவங்களுக்கு. அவங்க கழுத்துல கட்ட முடியாது. அதனால இவ கழுத்துல கட்டறேன்."

"அதாவது பொய்."

"பொய்தான்."

"ஊரைப் பொய்யிலயே வெச்சிருப்பீங்க?"

"நீங்கதான் இன்னிக்கு உண்மையச் சொன்னீங்களே. நல்லாச் சொன்னீங்க. தெரு முனையில வரும்போதே கேட்டுச்சு. எத்தனை பேர் ஏறினாங்க?"

முனிரத்தினம் வாசலைப் பார்த்தார்.

"யாரும் ஏறல."

"நீங்க ஏறினீங்களா?"

"நான் படியில..." என்று ஆரம்பித்தார்.

பெஞ்சில் குமுதவல்லி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அவர் எழுந்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

"நான் அவளுக்குச் சொன்னது தப்பு இல்ல," என்றார். "செத்தாலும் தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த வேரை அவ கழுத்துல மறுபடி கட்டாதீங்க, ஹக்கீமம்மா. கேட்டுக்கறேன்."

ஹக்கீமம்மா எடுத்த நூலைச் சுருட்டி வைத்தார். டப்பாவை மூடினார்.

"சரி. கட்டல."

குமுதவல்லி பதறி எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா! அப்ப நான் எப்படிப் போவேன்?"

ஹக்கீமம்மா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. முனிரத்தினத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பஸ்ல ரெண்டு பேர் உட்கார்ற சீட்டுண்ணே. இத்தனை நாள் இவ பக்கத்துல வேர் உட்கார்ந்து போச்சு. அதை எறக்கி விட்டவரு நீங்க. நாளைக்குக் காலையில அங்க யாரு உட்கார்றது?"