சாவி கொடுக்கிற வாட்ச்

"அம்மா, சாவி குடுத்தாலும் இந்த வாட்ச் ஓடல. ரிப்பேர் பண்றதா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்" என்றார் வைரக்கண்ணு.

அவர் துணிக்கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையடிவார ஆசிரமத்தில் வந்து தங்கியிருந்தார். அவர் அம்மா என்று அழைத்த குரு ஞானசுந்தரி, வயதில் அவருக்கு இளையவர்.

"வாட்ச் கடைக்காரர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். ரிப்பேர் கூலிக்குப் புதுசே வாங்கிடலாம்னு சிரிச்சார்."

"அப்போ புதுசு வாங்குங்க."

"என் வீட்டுக்காரி மீனலோசனி தையல் தைச்சுச் சேர்த்த காசுல வாங்கிக் குடுத்ததும்மா."

"அப்போ ரிப்பேர் பண்ணுங்க."

"அவளே தூக்கிப் போடச் சொல்றா. ஞாயித்துக்கிழமை வரும்போது வேற வாங்கிட்டு வராளாம்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அதுதான் தெரியல. ஜபத்துல உக்காந்தாலும் இதே நினைப்பு."

அம்மா எழுந்து உள்ளே போனார். பழம் நறுக்கும் கத்தி, முள் எடுக்கிற இடுக்கி, பூதக்கண்ணாடி மூன்றோடும் திரும்பி வந்தார். ஒரு வெள்ளைத் துண்டை விரித்தார்.

"திறங்க."

"நானா? எனக்குத் துணி கிழிக்கத்தான் தெரியும். கெட்டுப் போயிடும்மா."

"உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"நானும் பாத்ததில்ல."

வைரக்கண்ணு கத்தி முனையைப் பின்மூடியின் விளிம்பில் வைத்தார். ஒருமுறை வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு நெம்பினார்.

மூடி டப்பென்று கழன்றது.

இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

பித்தளைச் சக்கரங்கள். ஒன்றின் பல்லுக்குள் இன்னொன்றின் பல். எள்ளைவிடச் சின்னதாக ஒரு சிவப்புக் கல். முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, மூச்சு பட்டாலே அசைந்தது.

"அம்மா, இதப் பாருங்க."

"பாத்தேன். நீங்க இந்தப் பக்கம் பாருங்க."

சமையல்கார முத்தையன் சாப்பிடக் கூப்பிட்டார். இருவரும் நிமிரவில்லை. கரண்டியோடு நேரே வந்தார். வந்தவரும் குனிந்தார். பிறகு போக மறந்துவிட்டார்.

பூதக்கண்ணாடிக்குள் வைரக்கண்ணுவின் கண் பெரிதாயிற்று.

"சுருளுக்கு அடியில ஏதோ நீலமா இருக்கு."

"தூசியா?"

"நூலும்மா. பருத்தி நூல். எங்க கடைச் சரக்கு."

இடுக்கியை உள்ளே விட்டார். நழுவியது. மறுபடி விட்டார். முத்தையன் மூச்சுவிடவில்லை.

இழை வந்தது.

ஆடாமல் நின்ற சக்கரம் ஒருபக்கம் சாய்ந்தது. மறுபக்கம் திரும்பியது. பிறகு நிற்காமல் ஆட ஆரம்பித்தது.

வைரக்கண்ணு வாட்ச்சைக் காதோடு வைத்துக்கொண்டார். பிறகு அம்மாவின் காதருகே கொண்டு போனார். முத்தையனின் காதுக்கும் கொண்டு போனார். வைரக்கண்ணுவின் கண் கலங்கியிருந்தது. "ஓடுது" என்றார். "நான் தொட்டு ஓடுது."

முத்தையனின் காதருகிலேயே சத்தம் நின்றது.

"போச்சு" என்றார் முத்தையன்.

அம்மா பின்மூடியைக் கையில் எடுத்தார்.

"சரி, மூடிடலாமா?" என்று அம்மா கேட்டார்.

வைரக்கண்ணு ஏற்கெனவே பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்திருந்தார். இன்னொரு கை துண்டின் மேல் இடுக்கியைத் துழாவியது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்றார். "வெளிச்சம் மறைக்குது."