தாகத்துக்கு மூன்று சாட்சிகள்

கைவேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். கதையை நான் சொல்லிவிடுவேன், தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கொள்ளிடக் கரையில் மணற்குடி என்று ஓர் ஊர். அங்கே கோமளவல்லி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, ஆண் பிள்ளை பெற்று, உள்ளறையில் படுத்திருந்தாள். அடைபட்டிருந்தாள் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். சித்திரை வெயிலில் மேலே ஓடு கொதிக்கிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு. பூண்டுக் குழம்பும் கருவாடும் வேளை தவறாமல் வந்துவிடும், தண்ணீர் மட்டும் வராது. பிள்ளை பெற்றவள் தாகம் தீரத் தண்ணீர் குடித்தால் வயிறு சரியும், பிள்ளைக்குச் சளி கட்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர் சீரகத் தண்ணீர், அவ்வளவுதான்.

கோமளாவுக்கு உதடு வெடித்துவிட்டது. எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையோ மார்பை விட்டு விட்டு அழுதான். அவள் அம்மா பவுனம்மாள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை, மகளுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடப்பவள்தான். ஆனால் தண்ணீர்க் குடத்தைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, வெளியே போகும்போது அறைக்கதவைக் கொண்டி போட்டுவிட்டுத்தான் போவாள்.

"அம்மா, ஒரே ஒரு சொம்பும்மா."

"பச்ச உடம்புக்காரி பேசற பேச்சா இது? பால் பத்தலைன்னா கடையில பவுடர் வாங்கிக் கரைச்சுக்கலாம். தண்ணி கெடையாது."

ஒரு மத்தியானம் பிள்ளையைப் பார்க்க அண்ணி செங்கமலமும் பக்கத்து வீட்டு வைரக்கண்ணுவும் வந்தார்கள். கோமளா அவர்களிடம் அழுதே விட்டாள். பவுனம்மாளுக்கு ரோசம் வந்துவிட்டது.

"எதிர்வீட்டுப் பரிமளத்தை மறந்துட்டீங்களா? பிள்ளை பெத்த கையோட குளிர்காய்ச்சல்ல கெடந்தவ, நாக்கு வறளுதுன்னு குடம் குடமாக் குடிச்சா. அந்த வாரமே பிள்ளைக்கு நெஞ்சு நெறயச் சளி. ஆஸ்பத்திரியில கொண்டு போட்டாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

செங்கமலம் சிரித்துவிட்டாள். "நான் குடிக்கலையா அத்தை? ரெண்டாவதுக்கு இங்கதானே கெடந்தேன். நீங்க ஆத்துக்குக் குளிக்கப் போறப்பெல்லாம் குடத்துல மொண்டு மொண்டு குடிச்சேன். உங்க பேரனுக்கு ஒரு தும்மல் உண்டா?"

"அடிப்பாவி! களத்துல மூட்டை தூக்கிட்டு வந்து மறுநாள் பிள்ளை பெத்தவ நீ. கல்லைத் தின்னாலும் செரிக்கும் உனக்கு. உன் உடம்பும் என் மக உடம்பும் ஒண்ணா?"

அதுவரை பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்த வைரக்கண்ணு மெல்ல வாய் திறந்தாள். ஊரிலேயே பயந்த சுபாவம் அவளுக்குத்தான்.

"நான் குடிக்கணும்னு நெனச்சதே இல்ல சித்தி. கரை ஒடைஞ்சு வெள்ளம் வந்துச்சே, அப்ப நெறமாசக்காரிங்களை எல்லாம் படகுல ஏத்தி டவுன் பள்ளிக்கூடத்துல கொண்டு வெச்சாங்கள்ல. அந்த நேரத்துல மாசம் நெறைஞ்சவ அத்தனை பேருக்கும் அங்கதான் பிரசவம். நோஞ்சான் நானும் இருந்தேன், மச்சு வீட்டு மருமகளும் இருந்தா, மாமியா போட்ட கோட்டைத் தாண்டாதவளும் இருந்தா. அங்க இருந்த நர்சம்மா தண்ணிச் சொம்பைக் கையில குடுத்து, குடிச்சு முடிச்சாத்தான் நகருவாங்க."

"பிள்ளைங்க?" என்றாள் பவுனம்மாள்.

"வெள்ளத்துக்கு முன்னயும் பின்னயும் ஊர்ல, தாய்க்குத் தண்ணி குடுக்காம, பொறந்ததுங்க மாதிரியேதான். அதுல ஒண்ணு ரெண்டுக்குச் சளி புடிச்சுது, இதுலயும் ஒண்ணு ரெண்டுக்குப் புடிச்சுது. எங்க வயிறும் மத்தவங்க வயிறு கணக்காத்தான் கெடக்கு. வேணும்னா பாத்துக்குங்க" என்று புடவையை லேசாக விலக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள், கோமளாவைத் தவிர. சிரித்தால் உதட்டில் ரத்தம் வந்துவிடும்.

பவுனம்மாள் யோசித்தாள். "ஆளுக்கு ஒண்ணு சொல்றோம். கோமு, நீ ஒரே ஒரு சாட்சியை எடு. ஏன்னு காரணமும் சொல்லு. எனக்குச் சரின்னு பட்டா குடத்தையே உள்ள கொண்டாந்து வெக்கிறேன். உளறுனியோ, பத்தியம் முடியற வரைக்கும் தண்ணின்னு வாயைத் தொறக்கக் கூடாது."

மூன்று பேர் சொன்னதிலும் பொய் இல்லை, மூன்றும் நடந்தவைதான். அப்படியானால், கோமளா எந்தச் சாட்சியை எடுத்தால் சரியாக இருக்கும்? ஏன்?

விடை: வைரக்கண்ணு சொன்னதை. பரிமளம் காய்ச்சல் வந்ததால் குடித்தாள், பிள்ளைக்குச் சளி வந்தது தண்ணீராலா, தாயின் காய்ச்சல் ஒட்டியதாலா என்று யாரால் பிரிக்க முடியும்? செங்கமலம் உடம்பில் தெம்பு இருந்ததால் துணிந்து குடித்தாள், பிள்ளை நன்றாக இருந்ததற்கு அந்தத் தெம்பே போதும். அவர்களைக் குடிக்க வைத்த காரணமே பிள்ளையின் உடம்பிலும் வேலை செய்திருக்கலாம். வெள்ளமோ ஆள் பார்த்து வரவில்லை. நோஞ்சான், தெம்புக்காரி, அடங்கினவள், அடங்காதவள் எல்லோரையும் ஒரே படகில் ஏற்றிக் குடிக்க வைத்தது. அப்புறமும் முன்னே பின்னே பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்றால், தண்ணீர்மேல் குற்றம் இல்லை. கோமளா இதைத்தான் சொன்னாள். பவுனம்மாள் போய்க் குடத்தைத் தூக்கிவந்து கட்டிலருகே வைத்தாள். மகள் மூச்சு விடாமல் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றவள், கடைசியில் கேட்டாள்: "அப்ப நாலு பிள்ளைக்கும் நான் நாக்கு வறண்டு கெடந்தது எதுக்குடி?"