சாக்பீஸும் திருப்புளியும்

சிங்காநல்லூரில் சாந்தாமணியின் ஸ்பீக்கர் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. பெட்டி செய்து முடித்ததும் அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்பார். தேறினால் பெட்டியின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழாத பெட்டி வாசல் தாண்டாது. குறை கண்டால், கண்டவர் கையில் திருப்புளி. பெட்டியைப் பிரித்துக் குறையைச் சரிசெய்ய வேண்டியது அவர் பொறுப்பு. சும்மா வாயால் குறை சொல்லிவிட்டுப் போகிற கதையெல்லாம் அங்கே நடக்காது.

சாந்தாமணிக்கு நாற்பத்திரண்டு வயது. போன வருஷத்துக் காய்ச்சலில் அவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது. சாக்பீஸை இனி வேறொருவரிடம் கொடுத்துவிடப் போவதாக அவரே சொல்லியிருந்தார். பட்டறையில் தொழில் கற்றவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் சென்னியப்பன். நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினாறு வயது மூத்த சீடர். மார்கழி பிறந்தால் மனுஷன் வீட்டில் தங்கமாட்டார், கச்சேரி கச்சேரியாக அலைவார்.

இன்னொருத்தி ஜெபராணி. செல்போன் ரிப்பேர் கடையில் இருந்து வந்தவள். பிறந்ததிலிருந்து ஒரு கச்சேரிக்கும் போனதில்லை.

அவள் செய்கிற பெட்டிக்கு முதல் தடவையே கோடு விழுந்துவிடும். சென்னியப்பனின் பெட்டியை மாஸ்டர் சாந்தாமணி இரண்டு தடவை, மூன்று தடவை பிரிப்பார். வயிற்றெரிச்சல் என்று சொன்னால் சென்னியப்பனுக்குக் கோபம் வரும். ஆனால் வேறென்ன பேர் வைப்பது? சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் ஜெபராணி புராணம்தான். "அந்தப் புள்ள பேரைச் சொல்லாம உங்களுக்குச் சோறு இறங்காதா?" என்று அவர் மனைவியே கேட்டுவிட்டாள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் மாஸ்டரிடமே போனார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க. பெட்டி நல்லாப் பாடுதா இல்லையான்னு எதை வெச்சுச் சொல்றது?"

"நீங்களே சொல்லுங்ணா."

"நேர்ல கேக்கற பாட்டை வெச்சுத்தானுங்க சொல்லோணும். அசலைக் கேட்டவனுக்குத்தானே நகல் தெரியும்?"

"சரி."

"அப்ப ஒரு கச்சேரி கேக்காதவங்களுக்கு என்னங்க தெரியும்?"

மாஸ்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "போன மார்கழில எங்க உக்காந்து கேட்டீங்க?"

"முன் வரிசைலீங்க."

"கடைசி வரிசைக்காரர் கேட்டது அசலா, நகலா?"

"அதுவும் அசல்தானுங்க. ஆனா..."

"பாடினவங்க தங்களையே கேட்டுட்டு இருந்தாங்களே, அது?"

சென்னியப்பனுக்கு இதெல்லாம் பேச்சை மாற்றுகிற வேலையாகத் தெரிந்தது. அவளைக் காப்பாற்றத்தான் மாஸ்டர் சுற்றி வளைக்கிறார் என்று நினைத்தார்.

"வீணையைக் கொண்டாந்து வெச்சே பாத்துடலாமுங்க. நேர்ல ஒண்ணு, அவ பெட்டில ஒண்ணு, என் பெட்டில ஒண்ணு. எது எதுன்னு கண்டுபிடிக்கறவங்க கையில சாக்பீஸ் இருக்கட்டும்."

"இருக்கட்டுங்ணா," என்றார் மாஸ்டர்.

அடுத்த தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கும் அபிராமசுந்தரி டீச்சர் வெள்ளிக்கிழமை வந்து வாசித்தார். மாஸ்டர் அதைப் பதிவு செய்துகொண்டார். சனிக்கிழமை காலை பட்டறைக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு பழைய பருத்திச் சேலையைத் தொங்கவிட்டார். சேலைக்கு அந்தப் பக்கம் டீச்சரும் இரண்டு பெட்டிகளும். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் சாக்பீஸ்.

"மூணு தடவை கேக்கும். வரிசை எனக்கு மட்டும் தெரியும்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் சேலைக்குப் பின்னால் போனார்.

முதல் வாசிப்பு தொடங்கியது. இரண்டாவது மீட்டிலேயே சென்னியப்பனின் முன்கையில் மயிர் சிலிர்த்தது. அடடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவர் கண்ணை மூடப்போனார். போகிற போக்கில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

ஜெபராணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு.

ஏன் சிரிக்கிறாள்? தன் பெட்டியின் குரல் அவளுக்குத் தெரியாமல் போகுமா? தான் பெற்ற பிள்ளை மேடையேறிய மாதிரி பூரிக்கிறாளே. அப்படியென்றால் இது அவளுடையதுதான். சிலிர்ப்பு அங்கேயே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் குறை. கம்பியில் விரல் உரசுவது கரகரவென்றது. ஒரு கமகம் வழுக்கிப் போனது. நடுவில் யாரோ மூச்சு விட்டது மாதிரி ஓர் இரைச்சல். மில்லில் மட்டமான நூலைத் தள்ளும்போது வருகிற நிம்மதி அவருக்கு வந்தது.

இரண்டாவது வாசிப்பு சுத்தமாக இருந்தது. ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இதுதான் வீணை என்று முடிவு கட்டினார். மூன்றாவது தன் பெட்டி. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மாஸ்டர் வெளியே வந்தார். "மொதல்ல நீ சொல்லு ஜெபராணி."

"எனக்கு எது எதுன்னு தெரியலைங்க மாஸ்டர்," என்றாள் அவள். "ஆனா மொதல்ல வந்ததை இன்னொருக்கா கேக்கோணும் போல இருக்குதுங்க."

பார்த்தாயா, தன் பெட்டியைத் தானே மெச்சிக்கொள்கிறாள். சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"மொதல்ல வந்தது இந்தப் புள்ளையோட பெட்டிங்க. விரல் உரசுறது தூக்கலாக் கேக்குது. உள்ள எங்கியோ காத்து இரையுது. உசிரில்லாத சத்தமுங்க. ரெண்டாவது வீணை. மூணாவது என்னுது."

ஜெபராணியின் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்க அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

"மொதல் உருப்படி தேறாதுங்களா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"தேறாதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்ணா. கோடு போட வேண்டாமா?"

"பிரிச்சே ஆகோணுமுங்க. முப்பது வருஷம் தரம் பாத்தவன் சொல்றேன்."

மாஸ்டர் ஆணியில் தொங்கிய திருப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பட்டறைச் சட்டம் தெரியுமில்லீங்ணா. குறை சொன்னவங்கதான் பிரிக்கோணும்."

"நான் பிரிக்கறனுங்க."

அவர் எழுந்துபோய்ச் சேலையை ஒதுக்கினார். வலது ஓரத்தில் அவருடைய பெட்டி. இடது ஓரத்தில் ஜெபராணியின் பெட்டி. நடுவில் ஜமுக்காளத்தில் அபிராமசுந்தரி டீச்சர், மடியில் வீணையோடு, அவரையும் திருப்புளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எதுங்க மாஸ்டர் மொதல்ல வந்தது?"

"நடுவுல இருக்கறது."

சென்னியப்பனின் பார்வை வீணையில் போய் விழுந்தது. பின்னால் ஜெபராணி எழுந்து வருகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை.

"ரெண்டாவதுங்க?"

"ஜெபராணியோடது."

டீச்சர் வீணையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "காலைல இருந்து எனக்குச் சளிங்க. மூச்சு இரைஞ்சுச்சோ என்னமோ," என்றார் பாவம்.

சென்னியப்பன் திருப்புளியைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப நேர்ல கேக்கறது அளவுகோல் இல்லைங்களா மாஸ்டர்?"

"இல்லைன்னு நான் எப்பங்ணா சொன்னேன்? உங்க அளவுகோல் அதோ உக்காந்திருக்குது. எங்க திருகோணும்னு மட்டும் சொல்லுங்க."

முக்காலியில் சாக்பீஸ் அவருக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் கையை நீட்டவில்லை.