ஆவுடையப்பனுக்காகப் படகேறிய மூவர்

சங்குமுனை ஒரு சிறிய தீவுக் குடியரசு. வரைபடத்தில் தேடிச் சிரமப்பட வேண்டாம். ஒரு கதைக்குத் தேவையான அளவுக்கு அது பெரிய நாடுதான். அங்கே குடியரசுத் தலைவர் பதவிக்குக் கட்சியின் சார்பில் நிற்பவருக்குக் கட்சியே போதும். சுயேச்சையாக நிற்பவருக்கு மூன்று பேர் வேண்டும். துறைமுக மணலில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய படகின்மேல் அவர்கள் ஒவ்வொருவராக ஏறி, ஊரறியத் தங்கள் ஆதரவைச் சொல்ல வேண்டும். வேட்பாளர் வென்றால் அவருக்கும் ஒரு கடமை உண்டு. பதவியேற்ற அன்றே, பொழுது சாய்வதற்குள், அந்த மூவரில் ஒருவர் கேட்பதைச் செய்து கொடுக்க வேண்டும். யாருக்கு என்பது அவர் விருப்பம். குடியரசு பிறந்த நாள் முதல் தவறாத வழக்கம் இது.

அந்த ஆண்டு சுயேச்சையாக நின்றவர் ஆவுடையப்பன், கலப்படமில்லாத பழமைவாதி. எதிரே இரண்டு கட்சிகள். ஒன்று படகுச் சேவையின் நேரத்தை மறுபடியும் மாற்றப் போவதாகச் சொன்னது; மற்றது தெருக்களுக்கு மறுபடியும் பெயர் மாற்றப் போவதாகச் சொன்னது. ஆவுடையப்பன் சுவரெங்கும் ஒரே உறுதிமொழியை எழுதி வைத்தார்: "முந்தி வந்ததைப் பிந்தி வந்தது அமுக்க விடமாட்டேன். விட்டால் அன்றே பதவி விலகுவேன்."

முதலில் படகேறியவர் படகுப் பந்தய வீரர் சூசை. "அண்ணாச்சி நின்னா நின்ன இடம்தான்! என் ஆதரவு அவருக்கே!" என்று முழங்கிவிட்டு, ஏறியதைவிட மெதுவாக இறங்கினார். அடுத்தவர் முன்னாள் குடியரசுத் தலைவர் நவமணி அம்மாள். தம் கட்சியை விட்டு வந்து ஆதரவு தெரிவித்தார். அவர் பேசிய நேரத்தில் கடல் ஓதம் ஏறி, கேட்டுச் சலித்து, இறங்கியே போய்விட்டது.

மூன்றாவதாகப் பேச வேண்டியவர் ஆவுடையப்பனின் மைத்துனர். கூட்டத்தைக் கண்டதும் ஆளைக் காணோம். தேர்தல் அதிகாரி குடையை மடக்கி எழுந்தார். அப்போது ஆவுடையப்பனின் மனைவி சங்கரவடிவு, கையில் மீன்கூடையோடு படகில் ஏறினார்.

"ஐயாமாரே, அம்மாமாரே, இவங்களைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு உங்களுக்குத் தெரியாது. வீடு இவங்க தாத்தா கட்டினது. கடலைப் பார்த்த மாதிரி அழகா ஒரு ஜன்னல். என் கல்யாணச் சீரா வந்த பீரோவை, வந்த அன்னைக்கே அந்த ஜன்னலை அடைச்சு வெச்சாங்க. கொஞ்சம் நகர்த்துங்கன்னு இருபத்திரண்டு வருஷமாக் கேக்கேன். 'இருந்தது இருக்கட்டும் வடிவு'ன்னு ஒரே பதில். காத்தில்லாம வேர்த்து ஊத்துது! வீட்டுல ஒரு பீரோவை நகர்த்தாதவங்க நாட்டுல எதை நகர்த்தப் போறாங்க?"

"அப்போ ஓட்டுப் போடலாமா, வேண்டாமா அக்கா?" என்று ஒரு குரல்.

"எதுவும் மாறக் கூடாதுன்னா இவங்களைவிட்டா ஆள் கிடையாது. என் ஆதரவும் இவங்களுக்குத்தான். வேற என்ன செய்ய?"

கூட்டம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது, சிரித்துக்கொண்டே வாக்களித்தது. ஆவுடையப்பன் வென்றார்.

பதவியேற்பு நாளில் மூவரும் வந்து நின்றார்கள். சூசை தலையைச் சொறிந்தார். "பந்தயத் தூரத்தைப் பாதியாக் குறைக்கணும் அண்ணாச்சி. அந்தக் காலத்துல வகுத்த தூரம். இந்தக் காலத்து முழங்காலுக்கு ஆகலை." நவமணி அம்மாள், அவை மண்டபத்தின் நடுவில் தொங்கும் குடியரசு நிறுவனரின் படத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, அங்கே தம் படத்தை மாட்டச் சொன்னார். சங்கரவடிவு ஒரே சொல்தான் சொன்னார்: "பீரோ."

எதிர்க்கட்சி வழக்கறிஞர் துரைசிங்கத்துக்கு ஒரே கொண்டாட்டம். "தூரத்தைக் குறைத்தால் மாற்றம். படத்தை நகர்த்தினால் மாற்றம். அத்தனை வருடம் நின்ற பீரோவை நகர்த்தினாலும் மாற்றம். யாருக்கும் எதுவும் செய்யமாட்டேன் என்றால், குடியரசின் வழக்கத்தையே நேற்று வந்த உங்கள் உறுதிமொழி அமுக்கியதாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் பதவி விலகத்தான் வேண்டும், ஐயா. மேளத்துக்குக்கூடச் சொல்லிவிட்டேன்!"

கடலுக்கு மேலே ஒரு கை உயரத்தில் சூரியன். ஆவுடையப்பனின் நெற்றியிலும் அன்று வேர்த்தது.

சரி, நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் கேட்டதைச் செய்தால் ஆவுடையப்பன் சொன்ன சொல்லும் நிற்கும், பதவியும் நிற்கும்? அல்லது துரைசிங்கம் சொன்னதுதான் சரியா?

விடை: சங்கரவடிவு கேட்டதை. சுவரில் எழுதியிருந்தது "எதையும் மாற்ற மாட்டேன்" என்று அல்ல. படகின்மேல் நின்று அப்படிச் சொன்னவர் மனைவி. கணவர் எழுதியது, முந்தி வந்ததைப் பிந்தி வந்தது அமுக்கக் கூடாது என்பதுதான். பந்தயத் தூரம் சூசையின் முழங்கால் வலிக்கு முந்தியது. நிறுவனர் நவமணி அம்மாளுக்கு முந்தியவர். ஆனால் பீரோவுக்கு முந்தியது ஜன்னல். தாத்தா வைத்த ஜன்னலைக் கல்யாணத்தன்று வந்த பீரோ இத்தனை காலம் அமுக்கி வைத்திருந்தது. அந்த வீட்டில் நடந்த ஒரே புரட்சி அதுதான். செய்தவர் நம் பழமைவாதி. நல்லவேளை, பதவியேற்பதற்கு முன் செய்தது கணக்கில் வராது.

சூரியன் கடலைத் தொடுவதற்குள் குடியரசுத் தலைவர் ஒரு பக்கமும் துரைசிங்கம் மறு பக்கமுமாகப் பீரோவை நகர்த்தினார்கள். மேளக்காரர்கள் வந்தது வீண்போகவில்லை. ஜன்னல் திறந்ததும் உள்ளே பாய்ந்த காற்றில் சங்கரவடிவின் முந்தானை கொடியைப் போலப் பறந்தது. அவர் கண்ணை மூடிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, கண்டிப்பாகச் சொன்னார்:

"இந்தாங்க, இனிமே இந்த வீட்டுல ஒண்ணையும் மாத்தக் கூடாது."