பேனரில் இரண்டு பேர்

மதுரையில் ஒரு சினிமாப் பள்ளி. அங்கே திரைக்கதை சொல்லிக்கொடுத்த ஜெனிட்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவளுடைய மாணவர் செல்லையாவுக்கு ஐம்பத்தாறு. மனைவி பேச்சியம்மாள் இறந்த மறு வருடம், அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தவர்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். அவரை அங்கிள் என்றார்கள். ஜெனிட்டா சார் என்றாள். அவர் அவளை மேடம் என்றார். அவள் உள்ளே வரும்போது முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான்.

கடைசி வருடம் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். செல்லையா டார்க் காமெடி எடுப்பதாகச் சொன்னார்.

"சாவை வச்சு சிரிக்க வைக்கிறதா அங்கிள்?" என்று யோகேஸ்வரன் கேட்டான்.

"ஆமாப்பா."

"குடும்பக் கதை எடுங்களேன். உங்களுக்கு நல்லா வரும்."



செல்லையா மூன்று கதைகள் எழுதிக்கொண்டு வந்தார். ஒன்றில் ஆஸ்பத்திரியில் பிணம் மாறிப்போகிறது. ஒன்றில் அமரர் ஊர்தி டீசல் இல்லாமல் நடுரோட்டில் நிற்கிறது, உறவினர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். இன்னொன்றில் செத்தவர் எழுந்துபோய் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஜெனிட்டா மூன்றையும் படித்து முடித்தாள்.

"நல்லா இல்லையா மேடம்?"

"இதுல நாலு பேர் சாகுறாங்க சார்."

"ஆமா."

"ஆனா ஒருத்தர்கூட யாருக்கும் இல்லாமப் போகலை."

செல்லையாவுக்குப் புரியவில்லை. தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வெறுங்கையோடு வந்தார்.

"ஒண்ணும் தோண மாட்டேங்குது மேடம். எவ்வளவோ படம் பார்த்தேன். பேப்பர்ல இரங்கல் விளம்பரம் எல்லாம் படிச்சேன். சுடுகாட்டு வாசல்லகூடப் போய் நின்னு பார்த்தேன். அங்க ஒருத்தர், 'ஐயா, பாடி எப்ப வருது?'ன்னு கேட்டார். திரும்பி வந்துட்டேன். இந்தக் கரு எல்லாம் எங்கேருந்துதான் கிடைக்கும்?"

ஜெனிட்டா இரண்டு பெஞ்சுகளை இழுத்து ஒட்டிப் போட்டாள்.

"படுங்க சார்."

"நானா?"

"இன்னைக்கு நீங்கதான் பிணம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். யோகேஸ்வரன் எங்கிருந்தோ ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கழுத்துவரை போர்த்திவிட்டான். ஜெனிட்டா தன் கைக்குட்டையால், பிணத்துக்குக் கட்டுவதுபோல, அவர் தாடையைச் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டினாள்.

"ஆளுக்கொரு சொந்தம் எடுத்துக்குங்க. எழுதி வச்ச வசனம் வேண்டாம். வாய்க்கு வந்ததைப் பேசுங்க."

மகனாக நின்றவன் யாருக்கோ போன் போட்டு, "லொகேஷன் அனுப்பிட்டேன் மாமா, நேரா வந்து லெஃப்ட்டு" என்றான். யோகேஸ்வரன் சம்பந்தி ஆனான். "ஐஸ் பெட்டி இன்னும் வரலையா? அந்த ஃபேனையாவது கூட்டி வைங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவியாக நடிக்க மஹிமா வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. திட்டினாள்.

"ஏங்க, இப்படி நீட்டிப் படுத்துக்கிட்டா ஆச்சா? சிலிண்டருக்கு எந்த நம்பர்ல பதியணும்னு சொல்லிட்டுப் போனீங்களா? தோசை ஊத்துறேன்னேன், இட்லிதான் வேணும்னீங்க. இப்ப ஒரு சட்டி மாவு கெடக்கு. யாரு திங்க? எந்திரிங்க."

மூடியிருந்த செல்லையாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது.

"மேடம், பிணம் அழுவுது!" என்று யோகேஸ்வரன் கத்தினான்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. செல்லையாவும் சிரித்தார். துணிக்குள் வயிறு குலுங்கியது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

ஜெனிட்டா பிள்ளைகளை டீ குடிக்க அனுப்பினாள். நாடிக்கட்டை அவிழ்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

செல்லையா எழுந்து உட்கார்ந்தார்.

"இப்படித்தான் நடந்திருக்கணும் மேடம். நான் படுத்திருக்கணும். அவ பக்கத்துல உக்காந்து திட்டியிருக்கணும். மாறிப்போச்சு."

"சொல்லுங்க சார்."

"பேச்சி போன அன்னைக்கு மச்சினன் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போனான். அவ தனியா நிக்கிற போட்டோ வீட்ல ஒண்ணுகூட இல்லை. நாங்க சேர்ந்து எடுத்த போட்டோவை செல்போன்ல அனுப்பிவிட்டான். கடைக்காரனுக்கு என்ன புரிஞ்சுதோ, ரெண்டு பேரையும் சேர்த்தே அடிச்சுட்டான்."

"ரெண்டு பேரையுமா?"

"ஆமா. ரெண்டு பேர் தலைக்கும் பின்னால ஒளிவட்டம். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'இறைவனடி சேர்ந்தார்கள்'னு போட்டு தெருமுனையில கட்டிட்டாங்க. நான் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்கேன். வர்றவங்க எல்லாம் தெருமுனையில அழுதுட்டு, வாசல்ல என்னைப் பார்த்ததும் அப்படியே நின்னுர்றாங்க. எங்க ஆபீஸ் தங்கப்பழம் ரெண்டு மாலை வாங்கிட்டு வந்துட்டார். ஒண்ணை அவளுக்குப் போட்டார். இன்னொண்ணைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்க்குறார். என்ன செய்யிறதுன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை."

ஜெனிட்டா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிங்க மேடம். எனக்கும் சிரிப்பு வந்துச்சு. இதை உடனே பேச்சிகிட்ட சொல்லணும்னு எந்திரிச்சு வீட்டுக்குள்ள போனேன். நடுவீட்ல ஐஸ் பெட்டியைப் பார்த்த பிறகுதான்..."

ஜெனிட்டாவின் சிரிப்பு நின்றது.

"பேனரைக் கழட்டிட்டாங்களா?"

"காரியம் முடிஞ்சதும் கழட்டச் சொன்னாங்க. நான் விடலை. ஊர்ல அந்த ஒரு இடத்துலதான் நாங்க சேர்ந்து இருந்தோம். ஒரு மழையில அதுவா கிழிஞ்சு விழுந்துச்சு. இஸ்திரி போடுற சண்முகவேலு எடுத்துட்டுப் போய், தள்ளுவண்டிக்கு மேல வெயிலுக்குக் கட்டிக்கிட்டார். படம் உள்பக்கம் பார்த்த மாதிரி. அதுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பார்த்தா ரெண்டு பேரும் தெரிவோம். கசங்காத சட்டையைக்கூட எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டு நிப்பேன்."

வெளியே பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்டது.

"இதை யார்கிட்டயும் சொன்னதில்லையா சார்?"

"இல்லை மேடம். என் பொண்டாட்டி செத்ததை வச்சு நானே நாலு பேரைச் சிரிக்க வைக்கிறதா?"

"நீங்க சொல்ல வேண்டாம். பேச்சியம்மா இருந்தா இதை எப்படிச் சொல்லுவாங்க?"

செல்லையா யோசித்தார். பிறகு அவர் குரல் மாறியது. தலையைக்கூட வேறு விதமாகச் சாய்த்தார்.

"'எங்க வீட்டுக்காரர் கதையைக் கேளு தாயி. கடைக்கு ஒத்தையில போயிட்டு வான்னா போக மாட்டாரு. நான் செத்து முழுசா ஒரு பகல் ஆகலை, பேனர்ல பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாரு.'"

சொல்லிவிட்டு, தன் குரலைத் தானே கேட்டவர்போல உட்கார்ந்திருந்தார்.

"அப்படியே எழுதுங்க" என்றாள் ஜெனிட்டா.

எழுதினார். படம் முழுக்க செத்துப்போன மனைவிதான் கதை சொல்கிறாள். ஐஸ் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, வந்தவர்களை ஒவ்வொருவராகக் கிண்டல் செய்கிறாள். மஹிமா குரல் கொடுத்தாள். யோகேஸ்வரன் இரண்டு மாலையோடு வருகிற ஆபீஸ்காரனாக நடித்தான். கணவனாகச் செல்லையாவே உட்கார்ந்தார். அவருக்கு வசனம் கிடையாது. சண்முகவேலு தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒருநாள் முழுக்க நின்றார்.

பள்ளி அரங்கில் படத்தைப் போட்டார்கள். மாலை வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கிய கூட்டம் அடங்கவே இல்லை. பின்வரிசையில் ஒருத்தர் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கடைசிக் காட்சியில், வண்டியில் கட்டிய பேனருக்குக் கீழே நின்று அவர் அண்ணாந்து பார்த்தபோது, அதே கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

விளக்குப் போட்டதும் செல்லையாவைக் காணவில்லை.

ஜெனிட்டா வெளியே வந்தாள். அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உள்ள உங்களைத் தேடுறாங்க சார்."

"வர்றேன் மேடம்."

அவர் நகரவில்லை.

"படம் பிடிக்கலையா உங்களுக்கு?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா."

"நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டே இருந்தேன் மேடம். அத்தனை சிரிப்புலயும் அவ சிரிப்பு மட்டும் கேக்கலை."

ஜெனிட்டா பக்கத்தில் வந்து அதே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கேட்கிறதா இருந்தா நீங்க படம் எடுத்திருக்க மாட்டீங்க சார். வீட்டுக்குப் போய் அவங்ககிட்டச் சொல்லியிருப்பீங்க."