ஒரு இடம் விடாமல்

தெற்கே ஒரு கல்லூரியில், கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் பேச்சித்தாய். அவளும் தோழி ஜெசிந்தாவும் தமிழில் கோடிங் சொல்லித்தர ஒரு இணையதளம் தொடங்கினார்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம், பிழை கண்டால் யாரும் திருத்தலாம். பாடமெல்லாம் ஜெசிந்தா எழுதியது. எழுதி முடித்த மாசமே அவள் கண்ணை மூடிவிட்டாள்.

கல்லூரி முதல்வர் மாசிலாமணிக்கு அதில் பேர் வாங்க ஆசை வந்துவிட்டது. தளத்துக்குத் திறப்புவிழா நாள் குறித்து, பேச்சித்தாயைக் கூப்பிட்டார்.

"செத்தவ பேரு எதுக்கு? அது இருக்கிற இடத்துல எல்லாம் என் பேரைப் போடு. ஒரு இடம் விட்டாலும் உன் வேலை போயிரும்."

"ஒரு இடம் விடாம மாத்திர்றேன் சார்."

விழாவில் முதல்வர் மைக்கைப் பிடித்தார்: "ஒவ்வொரு வரியும் நானே எழுதினது!"

விருந்தினர் முதல் பாடத்தின் புரோகிராமை ஓட்டினார். திரையில் பெரிதாக வந்தது: "படுக்கை எண் 14. மாசிலாமணி. இன்னும் உயிரோடுதான்."

கூட்டம் சிரித்தது. "என்ன இது?" என்று கத்தினார் முதல்வர்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, ஜெசிந்தா தன்னையே உதாரணமா வச்சு எழுதினது சார். ஒரு இடமும் விடக்கூடாதுன்னீங்களே?"

சிரிப்பு நின்றுபோனது.

"எடு என் பேரை! எல்லா இடத்துலயும் எடு!"

எடுத்தாள். பழைய பேரையே திரும்பப் போட்டாள். இப்போது யார் ஓட்டினாலும், "படுக்கை எண் 14. ஜெசிந்தா. இன்னும் உயிரோடுதான்" என்றே வருகிறது. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் கமா முதற்கொண்டு திருத்திவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு பிழையில் மட்டும் இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை.